மண்ணில் பதிந்த அடிகள்

திருப்பெரும்பூதூர் என்றவுடன் இலக்கிய அன்பர்களின் நினைவில் முதலில் தோன்றுபவர் 1017-இல் அங்குப் பிறந்த இராமாநுசர். பின்வந்தோர்க்கு 1991-ஆம் ஆண்டின் துயரமும், இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஒரகடம் வரை நீளும் ஆலைகளும் நினைவுக்கு வரும். நிலவியலாரிடையே இவ்வூர்ப் பெயருக்கு வேறொரு வாழ்வு உண்டு. இவ்வட்டாரத்தில் தென்படும் வெளிறிய களிப்பாறைகளையும் மணற்பாறைகளையும் அவர்கள் திருப்பெரும்பூதூர்ப் படிவுகள் என்றே வழங்குவர். கிரெட்டேசிய காலத்தின் முற்பகுதியில் தோன்றிய அவற்றின் வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பாறைகளை ஆராய்ந்து எழுதியவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவரும் அவரே. இங்குக் கிடைத்த இலைப்படிவங்களை ஃபைஸ்ட்மான்டல் 1879-இல் விரித்துரைத்தார். கடல்வாழ் உயிர்களின் ஓடுகளும் கிடைத்தமையால், முன்னொரு காலத்தில் கடல் இங்குவரை பரவியிருந்தது தெளிவாயிற்று. இலை, ஓடு, எலும்பு, பல் என உடலின் எச்சங்களைத் திரட்டுவதே அக்கால அறிஞர்தம் நாட்டம். ஓர் உயிர் நடந்த தடமும், குடைந்த வளையும், ஊர்ந்த கோடும் கல்லில் நிலைபெறும் என்பது மெல்லவே உணரப்பட்டது. இவற்றைச் சுவட்டுப் படிவங்கள் எனலாம்.

உணர்ந்த வரலாறும் தடுமாற்றம் மிக்கது. அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த மூவிரல் தடங்களை 1836-இல் ஹிட்ச்காக் பெரும் பறவைகளின் அடிகள் என்றார். அவை டைனோசர்களின் அடிகள் என்பது பின்னரே தெளிந்தது. கிளைத்தோடும் வளைகளைக் கடற்பாசி என்று கருதிப் பெயரிட்டோர் பலர். ஸ்வீடன் நாட்டு நாதோர்ஸ்ட், சிறு உயிர்களை ஈரச் சேற்றில் ஊரவிட்டு, அவற்றின் தடங்களைப் பாறைக் கோடுகளோடு ஒப்பிட்டு, 1881-இல் அம்மயக்கத்தைப் போக்கினார்.

இன்றும் மயங்குவதற்கு இடமுண்டு. வேர் ஓடிய துளை கீழே செல்லச் செல்ல மெலியும். கிளைகள் அதனினும் மெலியும். வளையோ பெரும்பாலும் ஒரே பருமனில் செல்லும். சுற்றியுள்ள மண்ணினின்று வேறுபட்ட மணல் அதனுள் நிரம்பியிருக்கும். நம் வயல் நண்டின் வளையில் வண்டல் புகுந்து இறுகினால் எவ்வாறிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். நேற்றைய கறையான் துளைத்த குழாயும் பழைய படிவில் ஊடுருவி நின்று நம்மை ஏமாற்றக்கூடும்.

நம் வட்டாரத்துச் சான்று ஒன்று உண்டு. திருப்பெரும்பூதூருக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், கொற்றலையாற்றுப் படுகையில் அமைந்த அத்திரம்பாக்கமே அது. ஃபூட்டும் வில்லியம் கிங்கும் 1863-லேயே கற்கருவிகள் கண்ட இடம். அங்குள்ள தடித்த களிப்படிவைக் கிரெட்டேசியப் பாறை என்றே முந்தைய ஆய்வாளர் கருதினர். அவ்வாறாயின் அதனுள் மனிதச் சுவடு இருக்க வழியில்லை. 1999-இல் சாந்தி பப்பு தொடங்கிய அகழாய்வு இக்கருத்தை மாற்றியது. களியின் உள்ளேயே கைக்கோடரிகள் கிடைத்தன. குதிரை, எருமை முதலிய விலங்குகளின் பற்கள் கிடைத்தன. அவற்றோடு, விலங்குகள் மிதித்த 17 வட்டக் குழிகளும் வெளிப்பட்டன. அக்கருவிகளின் காலம் பத்து இலட்சம் ஆண்டுகளுக்குக் குறையாது, பதினைந்து இலட்சம் வரை செல்லும் என 2011-இல் அறிவிக்கப்பட்டது.

கைக்கோடரிக்குக் கிடைத்த புகழ் அப்பதினேழு குழிகளுக்குக் கிடைக்கவில்லை. பாவின் அடியையும் பாதத்தின் அடியையும் ஒரே சொல்லால் சுட்டும் நாமேனும் அவற்றைச் சற்று நின்று பார்த்திருக்கலாம். பல்லை வெள்ளம் எங்கிருந்தேனும் அடித்து வரும். கருவியும் உருண்டு வரலாம். குளம்பு பதிந்த குழி வேறெங்கிருந்தும் வர இயலாது. அந்த இடத்தில், அந்த ஈரத்தில், உயிரோடு ஒரு விலங்கு நின்றது என்பதற்கு அதனினும் உறுதியான சாட்சி இல்லை.

இடத்தை விட்டு அகலாத அவ்வியல்பே அதன் இடருமாகும். எலும்பைப் பெட்டியிலிட்டு அருங்காட்சியகத்துக்கு அனுப்பலாம். தடத்தைப் பெயர்த்தெடுத்தால் அது எத்திசை நோக்கியது, அடுத்த அடி எவ்வளவு தொலைவில் விழுந்தது என்னும் செய்திகள் அழியும். ஆகவே அறிந்தோர் அளந்து, வரைந்து, படமெடுத்து, பாரீஸ் சாந்தால் அச்செடுத்து, மூலத்தை அங்கேயே விட்டுவிடுவர். ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஆலைக்கு அடித்தளம் தோண்டும்போது படிவுகளின் வெட்டுமுகம் காங்கிரீட் வரும்வரை சில நாள்களே திறந்து கிடக்கும். அந்நாள்களில் பார்க்கத் தெரிந்த ஒருவர் அங்கிருப்பது அருமை. மண்ணியல் பயிலும் மாணவரை அழைத்துச் சென்று காட்ட, ஆலை நிருவாகத்தாருக்கு ஒரு நாள் செலவாகும். அதைக் கேட்பதற்குத்தான் இதுவரை ஆளில்லை.

பெயர்ந்த கல்லொன்று கையில் கிடைத்தாலும், அது கிடந்த ஆழத்தையும் அதன் மேற்புறம் எது என்பதையும் சுண்ணக்கட்டியால் அப்போதே குறித்தல் வேண்டும். சேற்றில் விழுந்த அடி குழியாகவும், அக்குழியை நிரப்பிய மணல் இறுகியபின் அதன் அடிப்புறத்தில் மேடாகவும் தோன்றும். மேல் கீழ் அறியாத கல்லில் எது அடி, எது அச்சு என்று கூறுவது கடினமாகலாம்.