மனச்சோர்வும் உடலுழைப்பும்

1790ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் யோர்க் நகரிலிருந்த மனநோயாளர் விடுதியில் ஹன்னா மில்ஸ் என்னும் கைம்பெண் சேர்க்கப்பட்டார். அக்காலத்தார் 'மெலன்கோலியா' என்றழைத்த கடும் மனச்சோர்வு அவரைப் பீடித்திருந்தது. அவரது குவேக்கர் சபையார் பார்க்கச் சென்றபோது அனுமதி மறுக்கப்பட்டது. சில வாரங்களுள் அவர் இறந்துபோனார். இம்மரணமே வில்லியம் டியூக் என்னும் தேயிலை வணிகரை, 1796இல் அதே நகரில் 'ரிட்ரீட்' என்னும் புகலகத்தைத் திறக்கத் தூண்டிற்று.

அப்புகலகத்தின் முறைகளை விவரித்து அவர் பேரன் சாமுவேல் டியூக் 1813இல் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளர் தம்மைத் தாமே ஆளக் கற்பதற்கு ஒழுங்கான வேலையைப் போன்ற துணை வேறில்லை என்பதும், அதிலும் உடல் நன்கு அசையும் வேலையே மேலானது என்பதும் அவர் துணிபு. அவ்வேலை நோயாளிக்கு உவப்பானதாயிருத்தல் வேண்டும் என்றும் அவர் கூறினார். பின்வந்தோர் பலர் வேலையை நினைவிற் கொண்டனர்; உவப்பை மறந்தனர்.

பிரெஞ்சு வைத்தியர் பினெல் 1801இல் எழுதிய நூலில் ஸ்பானியாவின் சரகோசா நகர வைத்தியசாலை பற்றி ஒரு செய்தி வருகிறது. அங்கே வயலில் இறங்கிய ஏழை நோயாளர் குணமடைந்தனராம். குலப்பெருமையால் வேலை செய்ய மறுத்த பிரபுக்களோ நோயிலேயே கிடந்தனராம். நம்மில் ஒரு சாரார் இதைப் படித்து மகிழக்கூடும். ஆயின் அவசரப்படலாகாது.

1831இல் லண்டனுக்கு அண்மையில் வறியோர்க்கென ஹான்வெல் விடுதி திறக்கப்பட்டது. அதன் முதல் அதிபரான வில்லியம் எல்லிஸ் நோயாளரைத் தோட்டத்துக்கும் பட்டறைக்கும் அனுப்பினார். அவரது நோக்கத்தின் தூய்மையை நாம் ஐயுற வேண்டியதில்லை. ஆனால் பொதுவரிப் பணத்தில் நடந்த இத்தகைய விடுதிகள் அந்நூற்றாண்டிற் பெருகப் பெருக, அவற்றின் வயல்களும் சலவைச்சாலைகளும் நோயாளரின் உழைப்பிலேயே தங்கியிருக்கலாயின. கூலி பெரும்பாலும் இல்லை. சிறிது பியரோ புகையிலையோ கிடைக்கும். நன்றாக வேலை செய்பவரை வீட்டுக்கு அனுப்ப எந்த நிருவாகம் அவசரப்படும்? செல்வர்க்குரிய தனியார் விடுதிகளிலோ அதே மருந்து வண்டிச்சவாரியாகவும் பந்துருட்டலாகவும் வழங்கப்பட்டது.

இதன் கொடிய முடிவை ஜெர்மனியிற் காண்கிறோம். நோயாளரைப் படுக்கையிலேயே கிடத்தி வைப்பது சிகிச்சையென மதிக்கப்பட்ட 1905ஆம் ஆண்டளவில், வார்ஸ்டைன் விடுதியிற் கட்டுமான வேலைக்கு ஆள் போதாமையால் ஹெர்மன் சைமன் என்ற வைத்தியர் நோயாளரையே வேலைக்கு அழைத்தார். விடுதியில் அமைதி கூடிற்று. பின்பு கூட்டர்ஸ்லோ விடுதியில் அவர் இம்முறையை விரிவாக்கி, எளிய வேலையிலிருந்து சாதாரண மனிதரின் முழுவேலை வரை படிகளாக வகுத்து, 1929இல் நூலாக வெளியிட்டார். படுக்கையிற் சிதைந்துகொண்டிருந்த பலரை அம்முறை எழுப்பியது உண்மை. ஆயின் மனிதரைத் தகுதியுடையோர், தகுதியற்றோர் எனப் பிரித்த இனநலக் கொள்கைக்கும் அவர் ஆதரவாளராயிருந்தார். 1939இல் நாஸி அரசு மனநோய் விடுதிகளுக்கு அனுப்பிய படிவங்களில், நோயாளி செய்யும் வேலை யாது என்ற வினாவும் இருந்தது. அப்படிவங்களைக் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 70,000 பேர் 1941 ஆகஸ்ட் மாதம் வரை நச்சுவாயுவாற் கொல்லப்பட்டனர். யாரைக் கொல்வது என்ற தீர்ப்பில் வேலைத்திறனுக்குப் பெரும்பங்கு இருந்தது. குணமாக்கும் வழியாக வந்த உழைப்பு, உயிர்வாழும் உரிமைக்கு அளவுகோலாயிற்று.

மனச்சோர்வுற்றவர் இவ்வளவுகோலின் முன் எளிதில் தோற்பவர். படுக்கையிலிருந்து எழுவதும் சட்டையை மாற்றுவதும் மலையேற்றமாகத் தோன்றுவதே அந்நோயின் இயல்பு. அதனைச் சோம்பல் என்று பெயரிடுவோர் விடுதிகளில் மட்டுமல்லர், நம் வகுப்பறைகளிலும் ஆசிரியர் அறைகளிலும் இருக்கின்றனர்.

ஆகவேதான் 1985இல் நோர்வேயிலிருந்து வந்த ஓர் ஆய்வு என்னைக் கவர்ந்தது. எகில் மார்ட்டின்சனும் அவர் குழுவினரும் வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்ற மனச்சோர்வு நோயாளரைச் சீட்டுக் குலுக்குவது போல இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் 9 வாரங்கள், வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு மணிநேரம் மூச்சு வாங்கும்படி உடற்பயிற்சி செய்தனர். பயிற்சியின் கடுமையோ அவரவர் உடலாற்றலின் பாதிக்குச் சற்று மேலே நின்றது. மற்றப் பிரிவினர்க்குக் கைவேலை கொடுக்கப்பட்டது. பயிற்சி செய்தோரிடமே சோர்வு கூடுதலாகக் குறைந்தது. மருந்தையும் வைத்தியரின் உரையாடலையும் இது விலக்கிவிடவில்லை. ஆனால் அந்த ஒன்பது வாரங்களில் அவர்களுடைய வியர்வையால் விடுதிக்கு ஒரு மூட்டை கிழங்கும் விளையவில்லை, ஒரு துணியும் வெளுக்கவில்லை. அவர்கள் தமக்காகவே மூச்சு வாங்கினர்.