வண்டியில் ஏறாத ஓடம்

ஓடம் ஒரு நாள் வண்டியில் ஏறும். வண்டி ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்பது நாம் அறிந்த பழமொழி. ஆனால், ஓடத்தை ஏற்றிச் செல்ல வண்டியே இல்லாதவன் என்ன செய்வான்? லாரி, டிராக்டர் ஆகியவை தோன்றுவதற்கு மிக முன்னரே இக்கேள்வி மனிதனை எதிர்கொண்டது. அதற்கு அவன் கண்ட விடைகளுள் ஒன்றைக் கொங்கு நாட்டு ஆற்றங்கரைகளில் நாம் காணலாம். அதுதான் பரிசல்.

மூங்கிலும் தோலும்

பரிசல் உண்மையில் ஒரு பெரிய கூடையே. மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, வெளிப்புறத்தில் தோல் போர்த்துவது பழைய முறை. பின்னாளில் தோலின் இடத்தைத் தார் பூசிய பிளாஸ்டிக் சாக்கு பிடித்தது. விஜயநகரத்தைக் கண்ட போர்ச்சுகீசியரான டொமிங்கோ பயஸ், பதினைந்து இருபது பேரை ஏற்றிச் செல்லும் இத்தகைய கூடைப் படகுகளைப் பற்றி 1520ஆம் ஆண்டையொட்டி எழுதியிருக்கிறார்.

இவ்வளவு மெலிந்த கூடை எப்படிப் பாரம் தாங்குகிறது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மீட்டர் விட்டமுள்ள பரிசலின் அடிப்பரப்பு ஏறத்தாழ 3.14 சதுர மீட்டர். அது 1 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால் ஏறக்குறைய 31 கிலோகிராம் நீரை விலக்கும். ஆகவே 62 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஏறினால், பரிசல் 2 சென்டிமீட்டர்தான் கீழிறங்கும்! ஆர்க்கிமிடீஸ் விதியைப் படிக்காமலே நம் முன்னோர் அதைப் பயன்படுத்திக்கொண்டனர்.

ஏன் சுமக்க வேண்டும்?

பரிசலுக்கு ஒரு குறையும் உண்டு. நீரைக் கிழித்துச் செல்லும் கூர்முனையோ, திசை மாறாமல் காக்கும் அடிக்கட்டையோ அதற்கு இல்லை. பாய் கட்டினால் காற்று போகும் பக்கமெல்லாம் அதுவும் போகும். ஆற்று நீர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 3 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்த்துத் துடுப்புப் போட்டால், முன்னேறுவதற்குப் பதில் மணிக்கு 2 கிலோமீட்டர் பின்னேதான் போவீர்கள். கரையில் நடப்பவரோ அதே நேரத்தில் 3, 4 கிலோமீட்டர் மேலே போய்விடுவார்.

எனவே, ஒகேனக்கல் பரிசல்காரர் ஆற்றின் போக்கில் பரிசலைச் செலுத்துகிறார். திரும்பும்போது அதைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு கரையோரமாக நடக்கிறார். ஆமை ஓடு நடந்து வருவதுபோல் தோன்றும்! சவாரிக்குக் கிடைக்கும் கூலியில் இந்த நடையும் அடங்கியிருக்கிறது என்பதை அதில் அமர்ந்து செல்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையின் நீர்த்தேக்கத்தில் இச்சிக்கல் வேறு உருவம் கொண்டது. முழுக் கொள்ளளவின்போது அங்கு நீர்மட்டம் 105 அடி. மழையில் நீர் ஏறும், கோடையில் இறங்கும். இன்று துறையாக இருக்கும் இடம் சில மாதங்களில் சேற்று நிலமாகிவிடும். சேற்றில் எந்த வண்டி போகும்? மனிதன்தான் சுமக்க வேண்டும். கோவை மாவட்டத்தில் சிறுமுகையை அடுத்த லிங்காபுரத்துக்கும் காந்தவயலுக்கும் இடையே இருந்த பாலம், அணை நிரம்பிய ஆண்டுகளில் நீரில் மூழ்கியது. அப்போதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளும் வாழை உழவர்களும் படகையும் பரிசலையும் நம்பியே அக்கரை சேர்ந்தனர்.

உலகம் கண்ட வழிகள்

இது நமக்கு மட்டும் உரிய சிக்கலன்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு செய்தி தருகிறார். அர்மீனிய வணிகர்கள் தோல் போர்த்திய வட்டப் படகுகளில் சரக்கேற்றி, ஆற்றோட்டத்தில் பாபிலோனுக்கு வருவார்களாம். படகில் ஒரு கழுதையும் பயணம் செய்யும்! சரக்கையும் படகின் சட்டத்தையும் அங்கேயே விற்றுவிட்டுத் தோலை மட்டும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு தரைவழியே ஊர் திரும்புவார்கள். காரணம் அதே ஆற்று வேகந்தான்.

கி.மு. 326இல் அலெக்சாண்டர் ஜீலம் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. அவரது படகுகளோ சிந்து நதியில் இருந்தன. சிறியவற்றை இரண்டாகவும் பெரியவற்றை மூன்றாகவும் பிரித்து, வண்டிகளில் ஏற்றிக் கொண்டுவந்து மீண்டும் பூட்டினர். முழுப் படகை இழுக்க வண்டி இல்லையென்றால், படகை வண்டிக்கேற்பப் பிரித்துவிடுவது!

சோழமண்டலக் கரை மீனவருக்கு இந்த யோசனை புதிதன்று. அவர்களுடைய கட்டுமரம் பாய் விரித்துக் கடலோடியது. கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்தால் தனித்தனி மரங்களாகிவிடும். அவற்றைத் தோளில் தூக்கிப்போய்க் காயவைக்கலாம்.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? படகின் வடிவத்தை நீர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதைத் தூக்க வேண்டிய தோளும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இன்று கண்ணாடியிழைப் பரிசல்களும் வந்துவிட்டன. நீடித்து உழைப்பது நன்மையே. ஆயினும் புதிய படகு ஒன்றை வடிவமைக்கும் பொறியாளர், அது எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்பதோடு நிறுத்தக்கூடாது. அதை எத்தனை பேர் தூக்க வேண்டியிருக்கும் என்பதையும் கேட்க வேண்டும். அடுத்த முறை நீங்கள் பரிசலில் ஏறும்போது, இறங்கிய பின் சற்றுத் திரும்பிப் பாருங்கள். பயணம் உங்களுக்குத்தான் முடிந்திருக்கும். பரிசல்காரருக்குப் பாதிதான் முடிந்திருக்கும்.