உபரியாக 53 மினுக்கல்!

'செனான்' என்றால் கிரேக்கத்தில் அந்நியன் என்று அர்த்தம். 1898-ல் லண்டனில் ராம்சேயும் டிராவர்ஸும் கண்டுபிடித்த வாயு. சுலபத்தில் எதனோடும் ஒட்டாத ஆசாமி.

இந்த அந்நியனை வைத்து இன்னொரு அந்நியனைப் பிடிக்க முடியுமா? அதாவது, கரும்பொருளை! பிரபஞ்சத்தில் சாதாரணப் பொருளைப் போல ஐந்து மடங்கு இருக்கிறது என்கிறது கணக்கு. ஆனால், ஒரு துகள்கூட இதுவரை சிக்கவில்லை.

இத்தாலியில் கிரான் சாஸோ மலை. காஸ்மிக் கதிர்களின் தொந்தரவுக்குப் பயந்து, 1,400 மீட்டர் பாறைக்கு அடியில் ஆய்வுக்கூடம். அங்கே 3.2 டன் செனானைக் குளிர்வித்து, திரவமாக்கி, தொட்டியில் ஊற்றிக் காத்திருந்தார்கள். கருவியின் பெயர் 'செனான் ஒன் டி'. ஏதாவது ஒரு துகள் வந்து செனான் அணுவை இடித்தால், 'மினுக்'கென்று துளி வெளிச்சம். கழன்ற எலெக்ட்ரான்கள் மேலே போனதும் இன்னொரு மினுக்கல். அவ்வளவுதான் சாட்சி!

2020 ஜூனில் ஒரு செய்தி வெளியானது. சுமார் ஒரு வருடத் தகவலில், குறைந்த சக்தி எல்லைக்குள் 232 மினுக்கல்களை எதிர்பார்த்தார்கள். வந்ததோ 285. உபரி 53!

உலகமே பரபரத்தது. சூரியனிலிருந்து வரும் 'ஆக்ஸியான்' என்ற புதுத் துகளா? நியூட்ரினோவின் புது குணமா? நிஜமாக இருந்தால் நோபல் பரிசு சமாசாரம். ஆனால், அந்தக் குழுவே மூன்றாவதாக ஒரு சந்தேகத்தையும் எழுதி வைத்தது. டிரிட்டியம்! ஹைட்ரஜனின் கதிரியக்க உறவுக்காரன். ஒரு கிலோ செனானில் விரல்விட்டு எண்ணக்கூடிய அணுக்கள் கலந்திருந்தாலே போதும், இந்த 53-ம் வந்துவிடும்.

எப்படிச் சோதிப்பது? அதே மலைக்கடியில் 8.6 டன்னில் 'செனான் என் டி' கட்டினார்கள். வேண்டாத மினுக்கல்களை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். ஆசை கண்ணை மறைக்கக் கூடாதே... அதனால், முக்கியமான தகவல்களைத் தாங்களே பார்க்காமல் பூட்டி வைத்தார்கள். இன்னும் ஒருபடி மேலே போய், சுமார் 14 நாட்கள் வாயுவைச் சுத்திகரிப்பானுக்குள் அனுப்பாமல் ஓட்டினார்கள். டிரிட்டியம் ஒளிந்திருந்தால் பெருகி, தானே மாட்டிக்கொள்ளும் அல்லவா? மாட்டவில்லை. புதுத் தொட்டி சுத்தம்!

2022 ஜூலையில் பூட்டு திறந்தது. உபரி? பூஜ்யம்! பழைய 53-க்குக் காரணம் பெரும்பாலும் டிரிட்டியம்தான் என்று ஆயிற்று.

யோசித்துப் பாருங்கள். நோபல் கனவைக் கிளப்பியவர்களும் அவர்களே. இரண்டு வருடம் பாடுபட்டு அதைக் கலைத்தவர்களும் அவர்களே. உழைப்பு வீணா? இல்லை. 2024-ல், அதே புதுத் தொட்டியில், சூரிய நியூட்ரினோக்கள் செனான் அணுவின் கருவை இடித்த முதல் அடையாளம் கிடைத்தது. அந்தச் செய்தியை உலகம் மரியாதையோடு கேட்டது என்றால், காரணம் அந்த 53!