கூண்டில் பாடிய சோலைபாடி

1889. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரம். லுட்விக் கோக் என்ற எட்டு வயதுப் பையனுக்கு அவன் அப்பா ஒரு எடிசன் ஃபோனோகிராஃபும் சில மெழுகு உருளைகளும் வாங்கித் தருகிறார். பையன் அதை வைத்து, வீட்டில் கூண்டில் வளர்ந்த ஒரு பறவையின் பாட்டைப் பதிந்தான். உலகில் இன்று கிடைக்கிற மிகப் பழைய பறவைக் குரல் பதிவு அதுதான்.

அது என்ன பறவை தெரியுமா? நம்ம ஊர்ப் பறவைதான். இந்தியக் காடுகளில் வாழும் ஷாமா. தமிழில் அதற்குச் சோலைபாடி என்று பேர். சோலையில் பாட வேண்டியதை, குரல் இனிமையாக இருக்கிறது என்பதற்காகவே பிடித்துக் கடல் தாண்டி விற்றார்கள். கோக் பின்னாளில் பெரிய ஆள் ஆனார். யூதர் என்பதால் 1936-இல் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்து போய், பிபிசி வானொலி வழியாகக் காட்டுப் பறவைகளின் குரலை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தார். ஆனால் தொடக்கம் என்னவோ ஒரு கூண்டுதான். ஒரு குரலை ரசிப்பதும் அந்தக் குரலுக்குரிய உயிரைக் காப்பதும் ஒன்றல்ல என்பது முதல் பதிவிலேயே இருக்கிறது.

இன்றைக்குக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, கொல்லிமலைச் சோளக்காட்டில் இறங்குகிற யாரிடமும் ஒரு ரெக்கார்டர் இருக்கிறது. செல்போனை நீட்டினால், மெர்லின் செயலி குரலைக் கேட்டே பறவையின் பேரைச் சொல்லிவிடும். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்குள்ளிருந்து விடாமல் கத்துவது குக்குறுவான், வேலியில் விசிலடிப்பது செம்மீசைச் சின்னான் என்று பட்டியல் போட்டுவிடலாம். சரி, பட்டியல் போட்டாச்சு. அப்புறம்?

இந்தக் கேள்விக்கு வரலாற்றில் வேறு வேறு பதில்கள் இருக்கின்றன.

முதல் பதில் கசப்பானது. மெர்லினை உருவாக்கிய கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து ஆர்தர் ஆலன், பால் கெல்லாக், ஜேம்ஸ் டேனர் ஆகியோர் இருந்த ஒரு குழு 1935-இல் அமெரிக்காவின் லூயிசியானா காட்டுக்குப் போனது. தந்த நிற அலகு கொண்ட பெரிய மரங்கொத்தி ஒன்று அங்கே மிச்சமிருந்தது. சேற்றில் லாரி போகாது என்பதால் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கோவேறு கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கூட்டருகே காத்திருந்து குரலைப் பதிந்தார்கள். குழந்தைகள் ஊதும் பீப்பி மாதிரி ஒரு சத்தம். பதிவு பிரமாதம். காட்டை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. மரக் கம்பெனி வெட்டித் தள்ளியது. அமெரிக்காவில் அந்தப் பறவையைக் கண்டதாக எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கடைசி ஆண்டு 1944. குரல் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இரண்டாவது பதில் நம்பிக்கை தருவது. அது பறவையே இல்லை, திமிங்கலம். பெர்முடா கடலில் அமெரிக்கக் கடற்படைக்காக வேலை பார்த்த பொறியாளர் ஃபிராங்க் வாட்லிங்டன் தற்செயலாகப் பதிந்த ஒலிகள் ரோஜர் பெய்ன் கைக்கு வந்தன. கூனல் முதுகுத் திமிங்கலங்களின் பாட்டு 1970-இல் இசைத்தட்டாக வெளியானது. எண்ணெய்க்கும் இறைச்சிக்குமான பொருளாகத் திமிங்கலத்தைப் பார்த்தவர்கள் முதல்முறையாக அதைப் பாடும் உயிராகக் கேட்டார்கள். எதிர்ப்பு இயக்கம் வளர்ந்தது. 1982-இல் வணிகத் திமிங்கல வேட்டைக்குத் தடை முடிவாகி, 1986-இல் நடைமுறைக்கு வந்தது. தடைக்குப் பாட்டு மட்டுமே காரணம் இல்லை. ஆனால் பாட்டு இல்லாமல் அவ்வளவு பேர் திரண்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

மூன்றாவது பதில் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொல்லிமலையைப் போலவே கிழக்கு மலைத்தொடரைச் சேர்ந்த கடப்பா மலைகளின் அடிவாரப் புதர்க்காடு. 1848-இல் தாமஸ் ஜெர்டன் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய ஜெர்டன் கோர்சர், 1900-க்குப் பிறகு காணாமல் போனது. அழிந்தேவிட்டது என்று நினைத்திருந்தபோது, 1986-இல் பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பாரத் பூஷன் உள்ளூர்க்காரர்கள் உதவியோடு மறுபடி கண்டுபிடித்தார். உள்ளூரில் அதற்குக் கலிவி கோடி என்று பேர். கலிவிப் புதருக்குள் திரியும் கோழி என்று பொருள். சரணாலயமும் வந்தது. ஆனால் இரவில் நடமாடும், கூச்சமுள்ள பறவையை எங்கேன்னு போய்த் தேடுறது?

ஆய்வாளர் ப. ஜெகநாதன், இன்று தமிழில் பறவைகளைப் பற்றி எழுதிவருபவர், முதலில் நடைபாதைகளில் மெல்லிய மண்ணைப் பரப்பிக் கால்தடம் தேடினார். பிறகு அந்தி நேரத்துக் குரல் பிடிபட்டது. அந்தப் பறவையின் முதல் ஒலிப்பதிவு குறித்து அவரும் சைமன் வாட்டனும் எழுதிய கட்டுரை 2004-இல் வெளியானது. குரல் தெரிந்த பிறகு தேடும் முறையே மாறியது. பதிவை ஒலிக்கவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கலாம். பதில் வந்தால் அங்கே அது இருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம்.

அப்படிச் சொல்ல வேண்டிய நாளும் வந்தது. சென்னைக்குக் கிருஷ்ணா நீர் கொண்டுவரும் அதே தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் வேலை, 2005-இல் இந்தப் பறவை வாழும் புதர்க்காட்டுக்குள் நுழைந்தது. எந்தப் புதரில் பறவை இருக்கிறது என்பதற்குப் பல ஆண்டு ஆதாரம் கையில் இருந்ததால் ஆய்வாளர்களால் எதிர்த்துப் பேச முடிந்தது. கால்வாயின் பாதை மாற்றப்பட்டது. பறவை இன்றும் மிக அரிதுதான், கதை முடியவில்லை. ஆனாலும் அங்கே ஒலிப்பதிவு ரசிகருக்கான இசையாக நிற்கவில்லை. கால்தடம் மாதிரி அதுவும் ஒரு சாட்சி ஆனது.

சோளக்காட்டுக்கு இந்த மூன்றாவது பதில்தான் தேவை என்று நினைக்கிறேன். கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைந்த பல வயல்களில் இப்போது ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளி நிற்கிறது. தினையைக் கொத்துவதாலேயே தினைக்குருவி என்று பேர் வாங்கிய குருவிக்கு மரவள்ளியில் என்ன இருக்கிறது? வெட்டக் கூடாது என்று மலையாளி மக்கள் சாமிக்கு விட்டுவைத்த கோயில் காடுகள் இருக்கின்றன. அங்கே விடியற்காலையில் யார் யார் பாடுகிறார்கள் என்பதை இன்று தேதி, நேரம், இடத்தோடு பதிந்து வைத்தால், இருபது வருஷம் கழித்து அந்தக் காட்டுக்கு எதிராக ஒரு திட்டம் வரும்போது பேசுவதற்கு ஏதாவது இருக்கும். ஸெனோ-கான்டோ, ஈபேர்ட் மாதிரி யாரும் ஒலியேற்றக்கூடிய தளங்கள் இருக்கின்றன.

இதில் ரெண்டு விஷயம். கூடு கட்டும் காலத்தில் போட்டோவுக்காகப் பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையைக் கூப்பிடாதீங்க. எல்லைக்குள் வேறொரு பறவை வந்துவிட்டது என்று பதறி, அது கூட்டை விட்டுவிட்டு சண்டைக்கு வரும். இன்னொன்று, பதிந்ததை அங்கேயே உள்ள பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டி, இதுக்கு உங்க ஊர்ல என்ன பேருன்னு கேளுங்க. ஆளைக் கண்டதும் ஊரைக் கூட்டும் ஆள்காட்டி, கா என்று கரையும் காக்கை என்று குரலை வைத்தும் குணத்தை வைத்தும் பேர் சூட்டியவர்கள் நம்ம ஆட்கள். மெழுகு உருளைக்கு முன்னால் ஒரு பறவையின் குரல் சேமிக்கப்பட்டது பேரில்தான். அந்தப் பேரையும் சேர்த்துப் பதியுங்கள்.