வீடில்லாக் குடித்தனம்: சென்னை நடைபாதையிலிருந்து நிலையான வீட்டுக்கு

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றோரை எண்ணுவதற்கென்று ஓர் இரவை ஒதுக்குகிறது. 2011இல் அது பிப்ரவரி 28. நடைபாதை, பாலத்தடி, கோயில் வாசல், ரயில் நிலையம் என வெட்டவெளியில் வாழ்ந்தோர் நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர் என்றது அக்கணக்கு. அதில் 'வீடற்ற குடும்பம்' என்றொரு வகைப்பாடு உண்டு. வீடு இல்லாத இடத்திலும் குடித்தனம் நடக்கிறது என்பதைக் கணக்கெடுப்பு ஏற்றுக்கொண்டுவிட்டது. சென்னையின் நகர்க்கொள்கை அதை இன்னும் ஏற்கவில்லை. நடைபாதைக் குடும்பங்களை நிலையான வீட்டில் குடியமர்த்தும் முயற்சிகள் தடுமாறுவதற்கு அதுவே முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஜார்ஜ் டவுன் நடைபாதைகளில் தலைமுறைகளாகக் குடும்பங்கள் வாழ்கின்றன. தார்ப்பாய், அடுப்பு, குடம், துணிமூட்டை என்று பார்க்கும் கண்ணுக்கு அது ஆக்கிரமிப்பு. வாழ்பவருக்கோ மூட்டை தூக்கும் கடையும் மீன்பாடி வண்டியும் பூச்சந்தையும் பிள்ளையின் பள்ளியும் நடந்தே போகும் தொலைவில் இருக்கும் முகவரி. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு இதைத்தான் சொன்னது: பிழைப்பு இருக்கும் இடத்தருகே குடியிருப்பு, பிழைப்பைப் பறிப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையைப் பறிப்பதாகும். அதே தீர்ப்பு, முறையாக அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் அனுமதித்தது. நிர்வாகம் அனுமதியை எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டது.

இன்று அரசிடம் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, காப்பகம். உச்ச நீதிமன்றத்தின் 2010ஆம் ஆண்டு ஆணைகளையும், 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தையும் ஒட்டி, லட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் காப்பகம் என்பது விதியாயிற்று. தனியாளுக்கும், மனநலம் குன்றியவருக்கும், மருத்துவமனை வாசலில் காத்துக்கிடக்கும் உறவினருக்கும் அது பெரிய ஆறுதல். ஆனால் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று எனப் பிரிந்த கூடத்தில் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து உலை வைக்க முடியாது. மற்றொன்று, வாரிய வீடு, அதாவது அரசின் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டித் தருவது. நகரின் தென்விளிம்பிலுள்ள கண்ணகி நகர், பெரும்பாக்கம் அடுக்குமாடிகளில் கதவும் பூட்டும் உண்டு. பழைய பிழைப்பு 20 கிலோமீட்டருக்கும் அப்பால். காப்பகம் இடத்தைக் காத்துக் குடும்பத்தைப் பிரிக்கிறது. வாரிய வீடு குடும்பத்தைக் காத்து இடத்தைப் பிரிக்கிறது. கிடைத்த வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய நடைபாதைக்கே திரும்புவோரை நன்றிகெட்டவர்கள் என்பது எளிது. அவர்கள் போட்ட கணக்கு பஸ் கட்டணத்தையும் இழந்த கூலியையும் சேர்த்துப் போட்டது.

நகர மையத்தில் நிலம் விலை கூடியது என்பார்கள். உண்மைதான். ஆயினும் நிலத்தில் மிச்சம்பிடித்த செலவு மறைந்துவிடவில்லை. பயணமாக, படிப்பை நிறுத்திய பிள்ளையாக, அது ஏழையின் கணக்கில் ஏறுகிறது. வீடற்றோர் எண்ணிக்கையைக் குறைத்ததாக எல்லோரும் எடுத்துக்காட்டும் பின்லாந்து, 2008 முதல் 'முதலில் வீடு' என்ற கொள்கையைப் பின்பற்றியது. ஹெல்சிங்கியில் பொதுப்படுக்கைக் கூடமாக இருந்த சால்வேஷன் ஆர்மி காப்பகம் ஒன்று, அதே கட்டடத்திலேயே தனித்தனிக் குடியிருப்புகளாக மாற்றப்பட்டது. நாம் கற்க வேண்டியது இந்த இட உறுதியை.

ஆகவே சென்னைக்கு வேண்டியவை மூன்று: மையப் பகுதியில் குடும்பம் சேர்ந்து தங்கும் இடைக்காலக் காப்பகம், வாரியத்தின் பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டும்போது அருகிலுள்ள நடைபாதைக் குடும்பங்களுக்கும் பங்கு, அதுவரை அதே வட்டாரத்தில் குடியேற வாடகை உதவி. நடைபாதையைக் காலிசெய்வது இவற்றுக்குப் பின்னரே நடக்க வேண்டும்.

எத்தனை குடும்பங்கள் அகற்றப்பட்டன என்ற எண்ணிக்கை சாலை சுத்தமானதை மட்டுமே அளக்கும். ஓராண்டு கழித்து அந்த வீட்டுச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது, அடுப்பு எங்கே எரிகிறது என்று கேட்டால்தான் குடித்தனம் இடம்பெயர்ந்ததா என்பது தெரியும்.