ஒலிக்கு எல்லையும் விகிதமும் வந்த வரலாறு

வானொலியில் நாடகம் கேட்கிறோம். காதோடு சொல்லும் இரகசியமும் கேட்கிறது. கோபத்தில் எழும் கூச்சலும் செவியைப் பிளக்காமல் வருகிறது. நேரில் கேட்டால் இவ்விரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. அவ்வேற்றுமையைக் குறைத்துத் தரும் கருவி 'கம்ப்ரஸர்'. தமிழில் ஒலி ஒடுக்கி எனலாம். கணினியில் பாட்டைச் சிறு கோப்பாக்கும் சுருக்கம் வேறு, இது வேறு.

1920களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஒலிபரப்பு வேரூன்றிய காலத்தில், இவ்வேலையை மனிதனே செய்தான். பொறியாளர் ஒருவர் அளவுமானியின் முள்ளைக் கண்ணால் நோக்கியபடி, திருகியைக் கையால் ஏற்றியும் இறக்கியும் வந்தார். காரணம் உண்டு. ஒலிபரப்பி தனக்குரிய அளவுக்கு மேல் ஒலியை ஏற்காது. மீறினால் ஒலி சிதையும், பக்கத்து அலைவரிசையிலும் இரைச்சல் புகும். ஒலி மிகக் குறைந்தாலோ, கரகரப்பில் அமிழ்ந்துபோகும். ஆயினும் மனிதன் கை எவ்வளவு விரைவானது? முரசின் அடி காதில் விழுந்து கை அசைவதற்குள், அது ஒலிபரப்பியைக் கடந்துவிடும்.

இக்குறையைத் தீர்க்க எழுந்தவற்றுள் ஒன்று, 1937ஆம் ஆண்டில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் வெளியிட்ட 110-ஏ என்னும் பெருக்கி. ஒலியின் உச்சம் குறித்த அளவை எட்டியதும், அது தானாகவே பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டது. பொறியாளரின் கையில் இருந்த முடிவு இயந்திரத்துக்கு மாறியது. அம்முடிவில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. எந்த அளவில் அடக்கத் தொடங்குவது? தொடங்கியபின் எவ்வளவு அடக்குவது? முதற்கேள்விக்கு விடை எல்லை. இரண்டாவதற்கு விடை விகிதம்.

வருமான வரியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். வரி, வருமானம் முழுவதற்கும் அன்று. விலக்களிக்கப்பட்ட தொகைக்கு மேற்பட்டதற்கே. எல்லை 60 டெசிபல், விகிதம் நான்குக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 72 டெசிபல் அளவில் ஓர் ஒலி வருகிறது. எல்லையை மீறிய மிகுதி 12. அதை நான்கால் வகுத்தால் 3. ஆகவே வெளிவருவது 63. எழுபத்திரண்டையே நான்கால் வகுத்து 18 என்று சொல்வது பிழை. 55 டெசிபலில் வரும் மெல்லொலியோ எல்லைக்குக் கீழே இருப்பதால் 55ஆகவே செல்லும்.

முன்பு இரண்டுக்கும் இடைவெளி 17, இப்போது 8. இனி இரண்டையும் ஒன்பது டெசிபல் ஏற்றினால் வல்லொலி பழையபடி 72, மெல்லொலி 64. மெல்லொலியை உயர்த்தியது ஒடுக்குதல் அன்று, பின்னர்ச் செய்த ஏற்றமே என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ளவேண்டும். விகிதம் இருபதுக்கு ஒன்று என்றால், அந்த 12 டெசிபல் மிகுதி 0.6 ஆகிவிடும். அது மதில் போன்றது. அவ்வகைக் கருவியை 'லிமிட்டர்' என்பர்.

இவ்விரு அளவுகளும் எல்லாக் கருவிகளிலும் தனித்தனித் திருகிகளாக அமையவில்லை. 1960களில் ஜேம்ஸ் லாரன்ஸ் என்பார் ஆக்கிய எல்.ஏ.-2ஏ கருவியில், ஒலிக்கேற்ப ஒளிரும் தகடு ஒன்று ஒளியுணர் மின்தடையின்மேல் ஒளி வீசி ஒலியை அடக்கும். அதில் விகிதத்துக்குத் திருகி இல்லை. பில் பட்னம் 1967இல் வெளியிட்ட 1176 கருவியில் விகிதத்துக்கு 4, 8, 12, 20 என நான்கு பொத்தான்கள் இருந்தன. எல்லைக்குத் திருகி இல்லை, உள்வரும் ஒலியை உயர்த்தியே எல்லையைத் தாண்டச் செய்யவேண்டும். டேவிட் பிளாக்மர் 1971இல் நிறுவிய டி.பி.எக்ஸ். நிறுவனத்தின் 160 என்னும் கருவி 1970களின் நடுவில் வந்தது. அதில் இரண்டும் தனித்தனித் திருகிகளாயின.

கருவி கைக்கு எளிதானதும் அளவு மறந்துபோயிற்று. 1982இல் குறுந்தட்டு வந்தது. 1990களில் கணினிவழி லிமிட்டர்கள் வந்தன. பக்கத்துத் தட்டைவிட நம் தட்டு உரக்கக் கேட்கவேண்டும் என்ற போட்டியில், பதிவாளர்கள் எல்லையைத் தாழ்த்தி விகிதத்தை உயர்த்தினர். மெல்லிசையும் முழக்கமும் ஒரே மட்டத்தில் நின்றன. பாடகர் குரலைத் தாழ்த்தியதன் பொருள் கேட்பவரை எட்டவில்லை. ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கம் 2010இல் ஆர் 128 என்னும் பரிந்துரையை வெளியிட்டு, நிகழ்ச்சிகளின் சராசரி உரப்பை ஒரே அளவில் வைக்கச் சொன்னது. அம்முறையைப் பின்பற்றும் இடத்தில், நசுக்கி உரப்பேற்றிய பாட்டு தானாகவே தாழ்த்தப்படும். நசுக்கியதால் வரும் ஆதாயம் இல்லை, இழப்பே மிச்சம்.

வானொலியின் கரகரப்பிலிருந்து மெல்லிய குரலைக் காக்கவே இக்கருவி பிறந்தது. நம் மண்டபங்களில் ஒலிபெருக்கியை இயக்கும் இளைஞர்களும் இதனை நினைவிற்கொண்டு, பேசுவோர் எங்கே குரலைத் தாழ்த்துகிறார், எங்கே உயர்த்துகிறார் என்று முதலில் கேட்டுவிட்டு, அதன்பின் எல்லையையும் விகிதத்தையும் வைப்பார்களாக.