பெயர் மாறிய குகை

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில், மல் தீவுக்கு அப்பால், ஸ்டாஃபா என்றொரு சிறு தீவு உள்ளது. பரப்பு ஏறத்தாழ 33 ஹெக்டேர். சுமார் ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கிப் பிளந்தபோது உருவான கரும்பாறைத் தூண்கள், பெரும்பாலும் அறுகோண வடிவில், அதன் கரையெங்கும் அணிவகுத்து நிற்கின்றன. தென்கரையில் அலை அத்தூண்களைக் குடைந்து, சுமார் 70 மீட்டர் ஆழத்துக்கு ஒரு குகையை அமைத்திருக்கிறது. தரையாகக் கிடப்பது கடல்நீரே. கடல் அடங்கிய நாளில் சிறு படகு அதற்குள் நுழையலாம். அடங்காத நாளில் தீவில் கால் வைப்பதே அரிது.

உலகம் இதனை ‘ஃபிங்கலின் குகை’ என்றழைக்கிறது. அந்தப் பெயர் வந்த வழிதான் விந்தையானது.

1772 ஆகஸ்டில் ஜோசஃப் பாங்ஸ் என்ற இயற்கையியலாளர் ஐஸ்லாந்துக்குப் போகும் வழியில் இங்கே படகில் வந்திறங்கினார். குகையின் பெயரை வழிகாட்டியிடம் கேட்டார். ஃபின் என்பவனின் குகை என்று விடை வந்தது. யார் அந்த ஃபின் என்றதற்கு, ஒஸியன் காவியத்தை மொழிபெயர்த்தவர் ஃபிங்கல் என்று குறிப்பிடும் வீரன்தான் என்று பதில் கிடைத்ததாக பாங்ஸ் எழுதுகிறார். இந்தப் பிற்சேர்க்கை வழிகாட்டியின் வாய்ச்சொல்லா, பாங்ஸின் புத்தகப் படிப்பா என்பதில் எனக்கு ஐயமுண்டு. அந்நாளில் ஐரோப்பா முழுதும் அந்தக் காவியப் பித்தில் இருந்தது. மூன்றாம் நூற்றாண்டுக் கேலிக் மொழிக் கவிஞன் ஒஸியன் பாடியது என்று சொல்லி, 1760 முதல் 1763 வரை ஜேம்ஸ் மாக்ஃபர்சன் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல்கள் அவை. வாய்மொழிக் கதைப்பாடல்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, எஞ்சியதைத் தாமே புனைந்தார் என்பது ஆய்வாளர் முடிவு.

1784-இல் வந்த பிரெஞ்சு நிலவியலாளர் ஃபோஜா த சென்ஃபோன் வேறொன்று கேள்விப்பட்டார். குகையின் உண்மைப் பெயருக்கு ‘இன்னிசைக் குகை’ என்பது பொருளாம். அலை உள்ளே புகுந்து மீள்கையில் எழும் ஓசையால் வந்த பெயர். கேலிக் மொழியில் இனிய இசையைக் குறிக்கும் ‘பின்’ என்ற சொல், குகை என்ற சொல்லின் பின் வரும்போது முதலெழுத்துத் திரிந்து ‘வீன்’ என்று ஒலிக்கும். ஃபின் என்ற ஆட்பெயரோ அதே இடத்தில் முதலொலி கெட்டு ‘ஈன்’ என்றாகும். மொழியறியாத செவிக்கு இரண்டும் ஒன்றே. திரிதலும் கெடுதலும் நன்னூலில் படித்தவர்களுக்கு இதில் வியப்பேதும் இராது. பாங்ஸ் கேட்டது எந்த ஒலி என்று இனி அறிய வழியில்லை. அச்சேறியதோ ஃபிங்கலின் பெயர்.

அந்தக் காவியத்தைப் போலி என்று ஓங்கி உரைத்தவர் சாமுவேல் ஜான்சன். அவரும் 1773 அக்டோபரில் பாஸ்வெல்லுடன் இத்தீவைக் கடந்து சென்றார். அலை உயர்ந்திருந்ததால் இறங்க முடியவில்லை. இறங்கியிருந்தால் அந்தப் பெயரைக் குறித்து நாலு வார்த்தை காரமாகக் கிடைத்திருக்கும். ஆனால் அவர் தம் பயண நூலில் தீவுமக்களுக்காக ஒரு நியாயம் பேசுகிறார்: நாள்தோறும் கண்டதை அவர்கள் அதிசயமாக எண்ணவில்லை, அவ்வளவே. பாங்ஸைக் ‘கண்டுபிடித்தவர்’ என்று எழுதும் சுற்றுலாக் கையேட்டாசிரியர்கள் இதைப் படிக்க வேண்டும்.

பிறகு பெயர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. கீட்ஸ் 1818-இல் வந்தார். வேர்ட்ஸ்வொர்த் 1833-இல் வந்து, கூட்டத்தைக் கண்டு சலித்தார். மெண்டல்சன் 1829 ஆகஸ்ட் 8-ஆம் நாள் படகேறிக் கடல் குமட்டலால் வாடினார். இக்குகையின் பெயரால் புகழ்பெற்ற அவரது இசையின் தொடக்கமோ, குகையைப் பார்ப்பதற்கு முந்தைய நாளே வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் இடம்பெற்றுவிட்டது.

பாங்ஸுடன் சென்ற ஸ்வீடன் நாட்டவர் ஊனோ ஃபொன் ட்ரோயில் ஒரு செய்தியைப் பதிந்திருக்கிறார். அன்று ஸ்டாஃபாவில் இருந்தது ஒரே குடிசை. மாடு மேய்ப்பவன் ஒருவனுடையது. விருந்தினருக்கு மீனும் பாலும் கொடுத்தான். அவர்கள் வந்த மகிழ்ச்சியில் இரவு முழுதும் தன் மொழியில் பாடினான். கேட்டிருந்தவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.